ஆறு மொட்டும் டிராக்டர் நூலும்

பெண் குழந்தைக்கு அப்பாவாகிவிட்டால் ஆடை பற்றிய அறிவு தானாக வந்து சேர்ந்துவிடும் என்று நான் உண்மையாகவே நம்பிய காலம் ஒன்று உண்டு. எந்த வழியாக வந்து சேரும் என்று யோசித்ததில்லை. நான் திருமங்கலத்தில் பம்புசெட் மோட்டார் விற்கிறவன். கிணற்றை எட்டிப் பார்த்தே இதற்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் சட்டையில் எத்தனை பட்டன் என்று கேட்டால் குனிந்து எண்ணித்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவன், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நடன உடையில் கை வைத்த கதை இது. (கை வைத்தேன் என்பது சும்மா மரியாதைக்கு. தையல் மிஷினையே வைத்தேன்.)

என் மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது. நாங்கள் இருப்பது நாகமலை புதுக்கோட்டை. அவள் படித்தது மதுரைக்குள் இருக்கும் ஒரு மிஷன் பள்ளியில். அங்கே ஆண்டு விழா என்றால் வகுப்பில் ஒரு பிள்ளை விடாமல் எல்லோரையும் மேடையில் ஏற்றிவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டு ஒரு சின்ன நாடகக் கம்பெனி மாதிரி இருக்கும்.

அந்த மேல்தட்டில் எனக்கு மிகவும் பிடித்த உடை எல்.கே.ஜி.யில் போட்ட கத்தரிக்காய். கழுத்திலிருந்து முழங்கால் வரை கத்தரிக்காய்தான். தலையில் ஒரு காம்பு. உள்ளே பிள்ளை இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் அப்பனுக்கு இதைவிட நிம்மதியான உடுப்பு உண்டா?

இரண்டாம் வகுப்பில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் செம்மறியாடு. உடம்பு முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். உடையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மேடைக்கு வந்து கூட்டத்தைப் பார்த்ததும் ஆடு "அம்மா" என்று அலறிக்கொண்டு படியிறங்கி எங்களை நோக்கி ஓடி வந்துவிட்டது. மேய்ப்பன் வேடம் போட்ட பையன் பொறுப்பானவன். கோலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து, என் மடியிலிருந்த ஆட்டைத் திரும்பக் கேட்டான்.

அந்த அவமானம் அவள் மனதில் அப்படியே தங்கிவிட்டது. மூன்றாம் வகுப்பு ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுத்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"அப்பா, இந்த வருசம் நான் அழ மாட்டேன். நான்தான் நடுவுல நிக்கிறேன்."

"என்ன டான்ஸு?"

"சொல்ல மாட்டேன். மிஸ் வீட்ல சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. சஸ்பென்ஸ்."

ஒரு மாதம் தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினாள். தட தடவென்று சத்தம் மட்டும் கேட்கும். நானும் என் மனைவி கலாவும் கதவுக்கு வெளியே நின்று சிரித்துக்கொள்வோம். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அளவு சரியா என்று பார்ப்பதற்காக உடையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் அப்போது சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, இடுப்பில் காவித் துண்டு, இரண்டு வாரத் தாடி, காலில் செருப்பில்லை. கோபப்படக் கூடாது, யாரையும் குறை சொல்லக் கூடாது என்பதெல்லாம் விரத விதிகள். அவற்றையெல்லாம் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்துக்கொண்டிருந்தேன், அந்த பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கும் வரை.

உள்ளே பளபளவென்று ஒரு பச்சைத் துணி. நான் கவரைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினேன். வேறொன்றும் விழவில்லை.

"என்னது இது?"

"டான்ஸ் டிரஸ்ஸு" என்றாள் கலா.

"மிச்சம் எங்க?"

"அம்புட்டுத்தான்."

தோள்பட்டையில் துணி கிடையாது, வலை. அதுவும் தோல் நிறத்தில். (யாருடைய தோல் என்று தெரியவில்லை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்த நிறத்தில் ஒருவரும் பிறந்ததில்லை. என் மகள் போட்டுக்கொண்டபோது தோளில் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது.) பாவாடை முழங்காலோடு நின்றுவிட்டது. அது முழுப் பாவாடையும் இல்லை, இலை வடிவத்தில் ஆறு துண்டு. ஷூவில் ஒட்டிப் பிரிக்கிற பட்டி வருமே, அந்தப் பட்டியால் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. கொஞ்சம் இழுத்தால் 'சர்ர்' என்று இடுப்பு வரை பிரிந்தது. ஆறு பக்கமும்.

யாழினி அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். நான் எதிர்பார்த்தது எட்டு வயதுப் பிள்ளை ஒன்று அரைகுறைத் துணியில் நிற்கும் காட்சியை. வந்து நின்றது வேறு யாரோ. கழுத்து நீண்டிருந்தது. கால் நீண்டிருந்தது. போன வருடம் என் மடியில் அடங்கிய ஆட்டை அதற்குள் எங்கேயும் காணவில்லை. அழகாகத்தான் இருந்தாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"நல்லாருக்காப்பா?"

"ம்" என்றேன்.

அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த 'ம்' இன்றைக்கும் எனக்கு உறுத்தும். மற்றதெல்லாம் சிரிப்பாகிவிட்டது, அது மட்டும் ஆகவில்லை.

மறுநாள் காலை வெறுங்காலோடு பள்ளியில் போய் நின்றேன். நடன ஆசிரியை ஜெனிபர் மிஸ் சின்ன வயசுப் பெண். நூறு பிள்ளைகளின் கொண்டை ஊசிக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நான் நமது பண்பாடு, பெண் குழந்தைகள், இன்றைய சமுதாயம் என்று வரிசையாகப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், உங்க மனசு எனக்குப் புரியுது. வேணும்னா கையும், கீழ ஒரு பார்டரும் வச்சுக்கங்க. ஆனா சார், வேற எதையும் தொட்டுராதீங்க. ரொம்ப யோசிச்சுப் பண்ண டிரஸ்ஸு அது. உள்ள போடுறதுக்கு நாங்க..."

அதற்குள் யாரோ ஒரு பிள்ளை அழுதுகொண்டே வந்து அவர் சேலையைப் பிடித்து இழுத்தது. நான் "நன்றி மிஸ்" என்று கிளம்பிவிட்டேன். அவர் சொன்னதில் "வச்சுக்கங்க" வரைக்கும்தான் என் காதில் ஏறியிருந்தது.

வெற்றி பெற்றவன் சும்மா இருப்பானா? வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நான்கு நிமிடக் குரல்பதிவு ஒன்று போட்டேன். மிஸ்ஸே சம்மதித்துவிட்டார், நடனத்தில் இருக்கும் எட்டுப் பிள்ளைகளின் உடையையும் என்னிடம் தாருங்கள், பாதுகாப்பாகத் தைத்துத் தருவது என் பொறுப்பு என்று முடித்தேன். ஐந்து அப்பாக்கள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அவர்களில் ஒருவர் கும்பிடும் போட்டார். இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் மட்டும் பதிலே போடவில்லை. அவர்களுக்குப் பிள்ளை வளர்ப்பில் அக்கறை போதாது என்று கலாவிடம் சொன்னேன். கலா வெங்காயம் உரிப்பதிலேயே கண்ணாக இருந்தாள். அவள் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். வருகிற ஆளுக்கு என்ன நோய் என்று தெரிந்தாலும் சீட்டில் எழுதியதை மட்டும் எடுத்துக் கொடுத்துப் பழகியவள்.

ஆக, என் மகளுடையதோடு சேர்த்து ஆறு உடைகள் என் கைக்கு வந்தன.

திருமங்கலத்தில் நல்ல தையல்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. பண்டிகை நெருக்கம். ஒருவர் விடாமல் "பொங்கலுக்கு அப்புறம் வாங்க சாமி" என்றார்கள். கடைசியில் என் கடைக்கு அடுத்த கடைக்காரன் காளிமுத்துவிடம் போனேன். காளிமுத்து என்னோடு பள்ளியில் படித்தவன். தையல் மிஷின் வைத்திருக்கிறான். ஆனால் தைப்பது டிராக்டர் சீட், ஆட்டோ மேல்கூரை, லாரித் தார்ப்பாய்.

"மாப்ள சாமி, இதுல என்ன பண்ணணும்?" என்று பச்சைத் துணியைத் தூக்கிப் பார்த்தான். (மாலை போட்டதிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிட்டான். மாப்பிள்ளையையும் விட மனதில்லை, சாமியையும் விடப் பயம்.)

"முழுக்கை வைக்கணும். கீழ கணுக்கால் வரைக்கும் துணி ஏத்தணும்."

"சரி. இந்த ஓட்டையெல்லாம்?" அவன் பட்டியை 'சர்ர்' என்று பிரித்துக் காட்டினான். அவன் முகமே சிவந்துவிட்டது. அவனுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். "என்னடா இது, காத்து வாங்குறதுக்கா?"

"அதைத்தான் முதல்ல அடைக்கணும்."

"அடைச்சுருவோம். டிராக்டர் சீட்டுக்குப் போடுற நைலான் நூலு இருக்கு. ரெட்டைத் தையல் போட்டுர்றேன். மாடே முட்டித் தூக்குனாலும் பிரியாது. நான் கேரண்டி."

ஒரு நடன உடையை மாடு எதற்கு முட்டப் போகிறது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

இரண்டு நாளில் தைத்துக் கொடுத்துவிட்டான். வேலை சுத்தம். ஒவ்வோர் உடையும் தனியாகத் தரையில் நின்றது. அப்படி ஒரு விறைப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்து யாழினியிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் கையையும் பார்டரையும் பார்த்தாள். பிறகு இலைகளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"அப்பா, இதை ஏன் தச்ச? இது பிரியணும்ப்பா!"

"எதுக்குப் பிரியணும்?"

வாயைத் திறந்தாள். மூடினாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"சொல்லக் கூடாது. சஸ்பென்ஸ்."

பாருங்கள், எட்டு வயதில் இப்படி ஒரு நாணயம். அதைப் புரிந்துகொள்ளாமல் நான், "பிரியுற டிரஸ்ஸெல்லாம் நமக்கு வேணாம் கண்ணு" என்று ஒரு தத்துவம் சொன்னேன். அவள் கலாவிடம் போய் அழுதாள். கலா என்னிடம், "ஏங்க, மிஸ்ஸுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்" என்றாள். "எல்லாம் கேட்டாச்சு" என்றேன். பாதிதான் கேட்டிருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கே அது மறந்துபோயிருந்தது.

விழா நாள் காலையில் ஆறு உடைகளையும் மூட்டையாகக் கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுத்தேன். ஜெனிபர் மிஸ் ஒரு கையில் பவுடர் டப்பாவோடு, "பார்டர் நல்லாருக்கு சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டார். யாழினியாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவைப் பற்றி மிஸ்ஸிடம் கோள் சொல்லக் கூடாது என்று அவளாகவே முடிவு செய்திருக்கிறாள். பலமாக இழுத்தால் பிரிந்துவிடும் என்றும் நம்பியிருக்கிறாள். காளிமுத்துவை அவளுக்குத் தெரியாது.

மாலை நான்கு மணிக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. நானும் கலாவும் மூன்றாவது வரிசை. முன் வரிசையில் சிறப்பு விருந்தினர், ஓய்வு பெற்ற வேளாண்மை அதிகாரி ஒருவர், ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் முடிந்து திரை விலகியது.

எட்டுப் பிள்ளைகள் தலை குனிந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் யாழினி. ஒலிபெருக்கியில் ஜெனிபர் மிஸ்ஸின் குரல்: "இது ஒரு தாமரைக் குளம். இதோ, எட்டு மொட்டுகள் உறங்குகின்றன..."

மொட்டா, என்று நினைத்தேன். அதுவரை அந்தப் பச்சை உடை என்னவாக இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஏதோ ஒரு பச்சை, அவ்வளவுதான்.

மொட்டுகள் எழுந்தன, காற்றில் ஆடின, குனிந்தன, நிமிர்ந்தன. அருமையாக ஆடினார்கள். யாழினி கூட்டத்தை நேராகப் பார்த்து ஆடினாள். போன வருடத்து ஆடு செத்தே போய்விட்டது. கலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சூரியன் வந்துவிட்டான்! மொட்டுகளே, மலருங்கள்!"

எட்டுப் பிள்ளைகளும் இடுப்பில் இருந்த வளையத்தில் விரலை மாட்டி இரண்டு கையையும் மேலே தூக்கினார்கள். இரண்டு ஓரத்திலும் இருந்த இரண்டு பிள்ளைகளின் உடை 'சர்ர்' என்று பிரிந்து, இலைகள் அகல விரிந்து, உள்பக்கம் இளஞ்சிவப்பாக, இரண்டு பெரிய தாமரைகள் பூத்து நின்றன. அரங்கம் 'ஆ' என்றது. (பதில் போடாத அந்த இரண்டு அம்மாக்களின் பிள்ளைகள்.) உள்ளே கணுக்கால் வரை இளஞ்சிவப்பில் இறுக்கமான பேண்ட், மேலே அதே நிறத்தில் சட்டை. ஜெனிபர் மிஸ் அன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தான். உடம்பு ஒரு நூல் அளவுகூட வெளியே தெரியவில்லை.

நடுவில் இருந்த ஆறும் பூக்கவில்லை.

இழுத்தார்கள். மறுபடி இழுத்தார்கள். ஒரு பிள்ளை இழுத்த வேகத்தில் பின்பக்கமாக விழுந்து, கணுக்கால் வரை தைத்திருந்ததால் காலை விரிக்க முடியாமல், அப்படியே மேடையில் உருண்டது. பக்கத்துப் பிள்ளை அதைத் தூக்கக் குனிந்து தானும் சாய்ந்தது. டிராக்டர் நூல் அசையவில்லை. காளிமுத்து சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான்.

"மலருங்கள்!" என்றது ஒலிபெருக்கி. பதிவு செய்த குரல், அதற்கென்ன தெரியும்.

நான் நாற்காலிக்குள் எவ்வளவு ஆழம் போக முடியுமோ அவ்வளவு போனேன். யாழினி அழப் போகிறாள், ஓடி வரப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஓடவில்லை. சின்னச் சின்ன எட்டாக வைத்து, தைத்த பாவாடையில் தத்தித் தத்தி, மேடை முன்னால் இருந்த மைக்குக்கு வந்தாள்.

"அப்பா! நீ தச்சது பிரிய மாட்டேங்குது. மேல வா!"

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. மூன்றாவது வரிசையில் கறுப்பு வேட்டியில் ஒருத்தன் பதுங்குவதை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கலா தன் கைப்பைக்குள் கையை விட்டு, மாத்திரை அட்டை வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலை எடுத்து என் கையில் வைத்தாள்.

"போங்க சாமி."

போனேன். மேடையில் ஏறியதும் நிற்பதா குனிவதா என்று தெரியவில்லை. நிற்க வெட்கமாக இருந்ததால் மண்டியிட்டு, கையை ஊன்றித் தவழ்ந்தே முதல் பிள்ளையிடம் போய் நூலில் கத்தரியை வைத்தேன். வெட்டவில்லை. மாத்திரை அட்டைக்குச் செய்த கத்தரி அது. பல்லால் கடித்தேன். பாதி கத்தரி, பாதி பல் என்று பார்டர்வரை ஆறு பக்கத்தையும் பிரித்தேன்.

அப்போதுதான் திரைக்குப் பின்னால் இருந்து ஜெனிபர் மிஸ் மைக்கைப் பிடித்தார். அந்தப் பெண்ணுக்கு நான் கோயில் கட்ட வேண்டும்.

"இதோ... உறங்கும் மொட்டுகளை எழுப்ப... ஒரு வண்டு வருகிறது!"

இசை மறுபடி ஆரம்பித்தது. முதல் மொட்டு கையைத் தூக்க, 'சர்ர்' என்று மலர்ந்தது. அரங்கம் கைதட்டியது. நான் அடுத்த மொட்டுக்குத் தவழ்ந்தேன். அது என் காதருகே குனிந்து, "மாமா, வண்டுன்னா சத்தம் போடணும்ல" என்றது.

"என்ன சத்தம்?"

"ம்ம்ம்ம்ம்னு."

அந்த நிலையில் யார் எதைச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன். "ம்ம்ம்ம்ம்" என்றேன். முன்னால் இருந்த மைக் அதை வாங்கி, நான்கு ஒலிபெருக்கியிலும் விட்டது. சரணம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல், நல்ல கனமாகவே வந்தது. ஒவ்வொரு மொட்டாக ரீங்காரம் போட்டுக்கொண்டே போனேன். காவித் துண்டு இடுப்பிலிருந்து அவிழ்ந்து பின்னால் வாலாக இழுபட்டது. ஐந்தும் மலர்ந்தன.

கடைசியாக யாழினி. நான் அவள் முன்னால் மண்டியிட்டபோது அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

"அழுறியா கண்ணு?"

"இல்ல. மை கலைஞ்சிரும்."

"தப்பு பண்ணிட்டேன்டா."

"ஏம்ப்பா தச்ச?"

"குட்டையா இருந்துச்சு... நீ பெருசாத் தெரிஞ்ச..."

"நான் பெருசாத்தானப்பா இருக்கேன். மூணாப்பு."

தலையைக் குனிந்து நூலைக் கடித்தேன். அந்த நூலை மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கடித்தேனோ என்னவோ. கடைசிப் பட்டி விட்டதும் அவள் இரண்டு கையையும் தூக்கினாள். என் தலைக்கு மேலே அந்தத் தாமரை விரிந்தது. கீழே உட்கார்ந்திருந்த எனக்கு நாலாபுறமும் இளஞ்சிவப்பு. அவள் சுற்றினாள். இலைகள் என் முகத்தில் மாறி மாறி அறைந்தன. வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு வந்த கைதட்டல் மாதிரி அந்த அரங்கத்தில் வேறு எதற்கும் வந்ததில்லை என்று பள்ளி வாட்ச்மேன் அண்ணன் இப்போதும் சொல்வார்.

கதை அங்கே முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். சிறப்பு விருந்தினர் பேச எழுந்தார். தன் வாழ்நாளில் எத்தனையோ மேடை பார்த்திருப்பதாகவும், மாணவியர் நடனத்தில் ஒரு தந்தையே வண்டாக வேடமேற்று நடித்தது புதுமை என்றும், "அப்பா மேலே வா" என்ற வசனம் நெஞ்சைத் தொட்டது என்றும் சொன்னார்.

"ஆனால் ஒரு வேளாண்மை அதிகாரி என்ற முறையில் இரண்டு திருத்தங்கள்" என்று விரலைத் தூக்கினார். "ஒன்று, வண்டு மொட்டைக் கடித்துத் திறப்பதில்லை. அப்படிக் கடித்தால் அது வண்டு அல்ல, பூச்சித் தாக்குதல். இரண்டு, வண்டுக்கு ஆறு கால். இவர் நான்கு காலில் வந்தார். அடுத்த ஆண்டு கவனிக்கவும்."

என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். வாயில் ஒரு துண்டு நைலான் நூலோடு நான் வாங்கிக்கொண்ட அந்தப் படம் பள்ளி ஆண்டு மலரில் வந்திருக்கிறது.

மறுநாள் காளிமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கண்ணில் நீர் வரச் சிரிப்பான் என்று பார்த்தால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "வெட்டித்தான எடுத்த மாப்ள? தானாப் பிரியலைல? அம்புட்டுத்தான்" என்று மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டான். ஆனால் அடுத்த வாரத்துக்குள் திருமங்கலம் சந்தைக்கு வருகிற விவசாயிகள்வரை கதை போய்விட்டது. இன்றைக்கும் மோட்டார் வாங்க வருகிறவர்கள், "வண்டு கடை இதுதானண்ணே?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். என் கைப்பேசி எண் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் பலருடைய போனில் 'வண்டு மாமா' என்றுதான் பதிந்திருக்கிறது.

பள்ளியிலிருந்து வருடா வருடம் நடன உடையோடு ஒரு சுற்றறிக்கை வரும். அதன் கடைசி வரி தடித்த எழுத்தில் இருக்கும்: 'பெற்றோர் உடையில் எவ்வித மாற்றமும் செய்யக் கூடாது.' புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் அம்மாக்கள் இது எதற்கு என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு வகுப்பே போட்டி போடும்.

யாழினி இப்போது எட்டாம் வகுப்பு. போன மாதம் ஒரு போட்டிக்கான உடையைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கருநீலம். கையில்லாத மேல்சட்டை, முதுகில் நான்கு கயிறு மட்டும். என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றி நின்று, "எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. முதுகைப் பற்றி இருந்தது, கயிற்றைப் பற்றி இருந்தது. ஒரு சால்வை மேலே போட்டால் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி விரிவாகவே இருந்தது. வாயைத் திறந்தேன்.

அடுப்படியிலிருந்து கலாவின் குரல் மெதுவாகக் கிளம்பியது. "ம்ம்ம்ம்ம்ம்..."

யாழினியும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் சுதி பிசகாமல் ரீங்காரம் போட்டார்கள்.

"ரொம்ப நல்லாருக்கு கண்ணு" என்றேன்.

நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.